காளானும் பெரிய மாமாவும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டமே இல்லாத நேரம். சித்தி பையன் வந்து கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷம் செல்லை நோண்டிக்கொண்டே இருந்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டான். "அக்கா, மேஜிக் மஷ்ரூம் டிப்ரஷனுக்கு நல்லதாமே, நிஜமா?"

அயனாவரத்தில் மருந்துக்கடை வைத்து 16 வருஷம் ஆகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நடந்து போகிற தூரம்தான். 1794இல் ஆரம்பித்தது, இப்போது இருக்கிற இடத்துக்கு 1871இல் வந்தது. ஆனால் சென்னையில் பிறந்த யாருக்கும் அது ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் கிடையாது, திட்டுகிற வார்த்தை. "சரியான கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பஸ்ஸில் கண்டக்டர் சொன்னால்கூட எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் என் கடைக்கு வருகிறவர்கள் சர்க்கரை மாத்திரையை உரக்கக் கேட்பார்கள், டிப்ரஷன் மாத்திரையான எஸ்சிட்டலோபிராமுக்கு மட்டும் சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். நானும் ஒன்றும் பேசாமல் அட்டையை பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன். காளானைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

இவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. வயசு 28, சோழிங்கநல்லூரில் வேலை. இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான், இது மூன்றாவது மாத்திரை. பார்க்கிற டாக்டர் ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் பேசிவிட்டு "அதையே கன்டினியூ பண்ணுங்க" என்கிறாராம். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் அடுத்த மாசம் கொடைக்கானல் போகிறார்கள், வட்டக்கானலில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாத்திரை உள்ளே இருந்தால் காளான் சரியாக வேலை செய்யாது என்று படித்தானாம். அதனால் பத்து நாள் முன்னாலேயே மாத்திரையை நிறுத்திவிடப் போகிறானாம், டாக்டரிடம் சொல்லாமல்.

திட்டியிருக்கலாம். திட்டினால் எழுந்து போயிருப்பான், அடுத்த தடவை என்னிடம் கேட்டிருக்கவும் மாட்டான். "ரெண்டு வாரம் டைம் குடு, படிச்சிட்டு சொல்றேன், அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் நிறுத்தாத" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

படித்தேன். ராத்திரி பத்துக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு. நான் படித்தது பார்மசி டிப்ளமோதான், ஆராய்ச்சிக்கட்டுரை படித்துப் பழக்கம் இல்லை. ஆனால் உட்கார்ந்தால் புரியாத அளவுக்கு ஒன்றும் இல்லை.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். காளானில் இருப்பது சைலோசிபின். உடம்புக்குள் போனதும் அதிலிருக்கிற பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிவிடும், மூளையில் வேலை செய்வது அதுதான். இது டிரிப்டமைன் என்கிற ரசாயனக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மனநிலையோடு சம்பந்தப்பட்ட மூளை ரசாயனமான செரோடோனின் ஒரு டிரிப்டமைன். தூக்கத்துக்கான மெலடோனினும் அதே வீட்டுப் பிள்ளை. பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே செரோடோனினைச் செய்துகொள்கிறது. செரோடோனினில் ஒரு ஹைட்ராக்சி ஐந்தாம் நம்பர் இடத்தில் ஒட்டியிருக்கும், சைலோசினில் அது நாலாம் நம்பரில் இருக்கும், வால் பக்கத்து நைட்ரஜனில் இரண்டு மெத்தில் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டு லெட்டரை நம் வீட்டில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி, மூளைச் செல்லில் செரோடோனின் வந்து உட்காருவதற்கென்று இருக்கிற 2ஏ என்கிற ஏற்பியில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஏற்பியை கெட்டான்செரின் என்ற வேறொரு மருந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டால் காட்சி, மயக்கம் எதுவும் பெரிதாக வராது என்று 1998இலேயே சூரிச்சில் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதே குடும்பத்தில் டி.எம்.டி. என்று ஒன்று. புகையாக இழுத்தால் கால் மணி நேரத்தில் ஆளைத் தூக்கிப்போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும், ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, குடலிலும் ஈரலிலும் இருக்கிற ஒரு நொதி அதைக் காலி செய்துவிடும். அமேசான் காட்டு மக்கள் டி.எம்.டி. உள்ள இலையோடு ஒரு கொடியையும் சேர்த்துக் கொதிக்கவைத்து அயவாஸ்கா என்று குடிக்கிறார்கள். அந்தக் கொடி செய்கிற வேலை அந்த நொதியை அடைப்பது. எத்தனையோ செடி கொடி இருக்கிற காட்டில் சரியாக அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்தார்கள் என்பதை நினைத்து அன்றைக்கு ஒரு மணி நேரம் தூக்கம் போனது.

நொதி என்றதும் இன்னொன்று. அதே நொதியை அடைக்கிற இப்ரோநியாசிட் என்ற மருந்துதான் முதல் டிப்ரஷன் மருந்துகளில் ஒன்று. அது காசநோய்க்காகச் செய்தது. 1952 வாக்கில் நியூயார்க்கில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது நோயாளிகள் அளவுக்கு மீறி உற்சாகமானார்களாம், அதைப் பார்த்துத்தான் மனநோய்க்குக் கொண்டுவந்தார்கள். நாம் இன்றைக்கும் டி.பி.க்குக் கொடுக்கிற ஐசோநியாசிடின் உடன்பிறப்பு அது. இந்த டி.பி. சமாசாரத்துக்குப் பிறகு திரும்ப வருகிறேன், அதில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

காளான் கதைக்கு வருவோம். 1955இல் அமெரிக்க வங்கிக்காரர் கார்டன் வாசன் மெக்சிகோவில் வாஹாகா மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய், மரியா சபினா என்ற வைத்தியக்காரம்மா நடத்தின சடங்கில் காளான் சாப்பிட்டார். 1957இல் அதைப் பெரிய பத்திரிகையில் எழுதினார். 1958இல் சுவிட்சர்லாந்தில் சாண்டோஸ் கம்பெனியின் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதிலிருந்து சைலோசிபினைப் பிரித்தெடுத்தார். கம்பெனி அதை மாத்திரையாகவே போட்டு டாக்டர்களுக்குக் கொடுத்தது. மரியா சபினாவுக்கு என்ன கிடைத்தது என்றால், ஊர் முழுக்க வெளியாட்கள் வந்து குவிந்ததும், ஊர்க்காரர்களின் கோபமும், எரிந்த வீடும். அப்புறம் 1970இல் அமெரிக்கா தடை, 1971இல் ஐ.நா. உடன்படிக்கை, முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் மறுபடி சூடு பிடித்தது.

இனிமேல்தான் அவன் கேட்ட கேள்விக்குப் பதில். வேலை செய்யுமா?

செய்கிற மாதிரி இருக்கிறது. இந்த வார்த்தையை யோசித்துத்தான் போடுகிறேன். 2022இல் வந்த பெரிய சோதனையில் 233 பேர், மாத்திரைக்கு அசையாத டிப்ரஷன் உள்ளவர்கள். ஒரே ஒரு தடவை 25 மில்லிகிராம், 10, அல்லது பெயரளவுக்கு 1 மில்லிகிராம். டிப்ரஷன் எவ்வளவு என்று 60 மார்க்குக்கு அளக்கிற ஒரு அளவுகோலில், மூன்று வாரம் கழித்து, 25 வாங்கினவர்களுக்கு சராசரியாக 12 மார்க் இறங்கியது, 1 வாங்கினவர்களுக்கு 5.4. ஒரே வேளை மருந்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் காளானைப் புகழ்கிற வீடியோக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 12 வாரம் வரை அந்தப் பலன் நிலைத்தது 25 மில்லிகிராம் குழுவிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான். சிலருக்கு தற்கொலை எண்ணம் வந்ததும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கிறது, எல்லாக் குழுவிலும். 2025 ஜூனில் அந்த 2022 சோதனையை நடத்தின கம்பெனியின் அடுத்த கட்ட சோதனை முடிவு வந்தது, போலி மருந்துக்கும் இதற்கும் ஆறு வாரத்தில் இருந்த வித்தியாசம் 3.6 மார்க். இருக்கிறது, மலையைப் புரட்டவில்லை.

என் கடையில் தினமும் போகிற எஸ்சிட்டலோபிராமோடு நேருக்கு நேர் மோதவிட்டும் பார்த்திருக்கிறார்கள். 2021, லண்டன் இம்பீரியல் கல்லூரி, 59 பேர். முதலில் எந்த அளவுகோல் என்று முடிவு செய்தார்களோ அதில் இரண்டுக்கும் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. வேறு சில அளவுகோல்களில் காளான் பக்கம் சாய்ந்தது. இதையே ஒருத்தர் "காளான் ஜெயித்தது" என்றும், இன்னொருத்தர் "தோற்றது" என்றும் போட்டிருந்தார். இரண்டு பேரும் முழுசாகப் படிக்கவில்லை.

எனக்கு மனசில் நின்றது இன்னொரு சோதனை. புற்றுநோய் வந்து, சாவைப் பற்றின பயத்தில் இருந்தவர்கள். 2016இல் ஹாப்கின்ஸில் 51 பேர், நியூயார்க்கில் 29 பேர். ஆறு மாசம் கழித்தும் நிறையப் பேருக்குப் பயம் குறைந்தே இருந்தது. மார்ஃபின் சீட்டோடு கடைகடையாக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்குக் கொடுக்கவே இவ்வளவு பாடு. பயத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

சரி, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது, அதைச் சொல்லத்தான் டி.பி.க்குத் திரும்ப வருகிறேன். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று, வருஷக்கணக்கில் ஓய்வு. அதெல்லாம் இல்லாமல் குணமாகாது என்று உலகமே நம்பியது, தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெயரிலேயே அது இன்னும் இருக்கிறது. 1956இல் நம்ம சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பித்து, 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கின மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் சென்னையின் நெரிசலான வீடுகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. மருந்து ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. பாலும் முட்டையும் நல்லதுதான், ஆனால் வேலையைச் செய்தது மருந்து.

காளான் சோதனைகளில் நோயாளிக்கு மருந்து மட்டும் கொடுப்பதில்லை. முன்னாலேயே பல மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். மருந்து கொடுக்கிற அன்று வீடு மாதிரி ஒரு அறை, சோபா, கண்ணுக்குத் துணிப்பட்டை, காதில் பாட்டு, பக்கத்தில் பயிற்சி எடுத்த இரண்டு பேர், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். மறுநாளும் அதற்கப்புறமும் மறுபடி பேச்சு. இதில் எது மருந்து, எது பால் முட்டை? நான் படித்த வரைக்கும் எந்தச் சோதனையும் சேத்துப்பட்டு மாதிரி அதைப் பிரித்துக் காட்டவில்லை. பிரிப்பதும் கஷ்டம்தான். சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று மைக்ரோஸ்கோப் சொல்லிவிடும், மனசு எப்படி இருக்கிறது என்பதை ஆளிடம்தான் கேட்கணும். அவருக்கோ தனக்குக் கிடைத்தது நிஜ மருந்தா போலியா என்பது ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். போலிக்கு நியாசின் என்ற வைட்டமினைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முகம் சிவந்து சுடும், அவ்வளவுதான், சுவர் மூச்சு விடுகிற மாதிரி தெரியாது. "அய்யோ, எனக்கு டம்மி" என்று மனசு விட்டுப் போனவர் கொடுக்கிற மார்க் எப்படி இருக்கும்?

அந்த எட்டு மணி நேரம்தான் பாதி வைத்தியம் என்று தெரியவந்தால் நமக்கு அது எட்டாக்கனி. 2015-16 தேசிய மனநல ஆய்வை ஒட்டிச் சொல்லப்படுகிற கணக்கு, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர். முக்கால்! இவனுக்குக் கிடைத்ததே நாலு நிமிஷம்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1லிருந்து, தனி அனுமதி வாங்கின மனநல மருத்துவர்கள் சைலோசிபின் எழுதிக் கொடுக்கலாம். இங்கே 1985ஆம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசிபின், சைலோசின், டி.எம்.டி. எல்லாமே இருக்கிறது. இதைச் சொன்னதும் சித்தி பையன் உடனே "கேரளா ஹைகோர்ட்டே ஓகேன்னு சொல்லிடுச்சுக்கா" என்றான். அது 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் வழக்கு. காளான் என்பது இயற்கையாக முளைக்கிற பூஞ்சை, அதன் மொத்த எடையையும் போதைப்பொருளாகக் கணக்கு வைக்க முடியாது என்றார் நீதிபதி. போய் சாப்பிடு என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கிற சரக்கு பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது.

ரெண்டாவது வாரம் அவன் வந்தபோது இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். வட்டக்கானல் ஆள் கொடுக்கிற காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, காட்டில் இதே மாதிரி சின்னதாகப் பழுப்பாக முளைக்கிற வேறு சில காளான் ஈரலையே தின்றுவிடும் என்றேன். எஸ்சிட்டலோபிராமைச் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், மண்டைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், போன டிப்ரஷனும் திரும்ப வரலாம் என்றேன். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கிற லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தொட்டு வலிப்பு வந்திருக்கிறது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆனால் மனசு மாறின மாதிரி தெரியவில்லை.

அப்புறம்தான் அதைச் சொல்லும்படி ஆனது.

எந்தச் சோதனையை எடுத்தாலும், உள்ளே சேர்க்கிறதுக்கு முன்னால் கேட்கிற கேள்விகளில் ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு, மனசு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகிற பைபோலார் இருக்கிறதா? ஆமாம் என்றால் பெரும்பாலும் அங்கேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே தூங்குகிற நோயை இந்த மருந்து எழுப்பிவிட்டுவிடுமோ என்கிற பயம். இந்தக் கேள்வியை ராத்திரி பதினொன்றரைக்குப் படித்தபோது, எனக்கு எங்கள் பெரிய மாமா ஞாபகம்தான் வந்தது.

பெரிய மாமா பம்பாயில் வேலையாக இருந்தார் என்றுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன். அவர் பம்பாய்க்குப் போனதே இல்லை. ஐந்தாறு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று மாசம், என் கடையிலிருந்து நடந்து போகிற அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். தூங்காமல், விடிய விடியப் பேசி, கடன் வாங்கி ஊருக்கே விருந்து போட்டு, அப்புறம் மூன்று மாசம் பாயிலிருந்து எழுந்திருக்காமல். எனக்குத் தெரிந்ததே இந்தக் கடை வைத்த பிறகு, அம்மா ஒருநாள் அவருடைய பழைய சீட்டை எடுத்துக்காட்டி "இது என்ன மாத்திரைடி" என்று கேட்டதால். லித்தியம்.

தம்பியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டர் முதல் நாளே கேட்டாருக்கா, வீட்ல யாருக்காவது இருக்கான்னு. இல்லைன்னுட்டேன்" என்றான். பொய் சொல்லவில்லை, பாவம். அவனுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான்.

கொடைக்கானல் போகவில்லை. வேறு டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். மாமாவைப் பற்றிச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, தூக்கமே தேவைப்படாமல் உலகத்தையே வாங்கிவிடலாம் போல இருந்த நாட்கள் உண்டா என்று கேட்டார். போன வருஷம் ஒன்பது நாள், என்றான் இவன், அப்போதுதான் அந்த பைக்கை வாங்கினேன். என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, தினமும் தூங்கின நேரத்தையும் மனசையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார், பழைய மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து வேறொன்று ஆரம்பித்திருக்கிறார். டிப்ரஷன் மாத்திரை மூன்று மாற்றியும் பிடிக்காததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாமாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அவன் மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தால், ராத்திரி எந்நேரமும் 14416க்குப் போன் போடலாம், டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

சித்தி மூன்று நாள் கழித்து போன் பண்ணினாள். ஹலோ கூட இல்லை. "செத்துப்போன மனுஷன ஏன்டி இழுத்த? நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பார்க்க வேணாமா?" அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன் பெயரை அவள் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, அன்றைக்கு மட்டும் ஏழெட்டு தடவை சொல்லிவிட்டாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தணித்து, "சரி, அந்தப் புது மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றாள்.

பின்னாடி, என்றேன்.